தலைமாட்டு ஸ்டூல்

எங்கள் வீட்டுக்காரர் மயக்க மருந்து டாக்டர். இதைச் சொன்னதும் கேட்பவர் முகத்தில் ஒரு சிரிப்பு வரும். "அப்ப வீட்ல சண்டை வந்தா உங்களுக்கு ஒரு ஊசி போட்டுருவாரா?" என்று கேட்காத ஆளே இல்லை. கல்யாணமான புதிதில் நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். அப்புறம் அலுத்துப்போயிற்று. பக்கத்து வீட்டுக்காரருக்கு இன்றைக்கும் இவர் தூக்க மாத்திரை எழுதித் தருகிற ஆள், அவ்வளவுதான்.

கத்தியைப் பிடித்தவருக்குப் பழக்கூடை வரும், பூங்கொத்து வரும். தலைமாட்டில் உட்கார்ந்து மூச்சையும் ரத்த ஓட்டத்தையும் காபந்து பண்ணியவரை ஒருவருக்கும் ஞாபகம் இருக்காது. தூங்கிப்போனவர்களுக்கு எப்படி இருக்கும்? "நல்லபடியா எழுந்தா நம்மள மறந்துருவாங்க. மறக்கலைன்னாதான் ஏதோ தப்பு நடந்திருக்குன்னு அர்த்தம்" என்பார் இவர். பெருந்தன்மையாகத்தான் சொல்வார். ஆனால் நான் காலமெல்லாம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை மேய்த்தவள். கை தூக்கித் தூக்கிப் பார்த்தும் டீச்சர் கூப்பிடாத பிள்ளையின் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். இவருக்கு அந்த முகம்தான்.

பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவப் பிரிவில் வேலை. சாதாரணப் பிரசவங்கள் இவரிடம் வராது. இதயம் பழுதானவர்கள், ரத்த அழுத்தம் எகிறியவர்கள், நஞ்சுக்கொடி கீழே இறங்கி ஒட்டிக்கொண்டவர்கள், இப்படிப்பட்ட கேஸ்கள்தான் வரும். மேஜையின் தலைமாட்டில் உயரமான ஒரு இரும்பு ஸ்டூல் உண்டு. அதில் உட்கார்ந்தால் கேஸ் முடிகிற வரை எழுந்திருக்க மாட்டார். தனக்குக் கீழே வேலை பார்க்கிறவர்களையும் எழுந்திருக்க விடமாட்டார். பயிற்சிக்கு வந்த ஒரு பெண் டாக்டர், வேறு ஆள் வருவதற்குள் ஒரு வாய் டீ குடிக்க எழுந்துபோய்விட்டாள். திரும்பி வந்தவளை எல்லோர் முன்னாலும் வைத்து வாங்கு வாங்கென்று வாங்கினார். அவள் தேம்பித் தேம்பி அழுதாளாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பேச்சில் அவள் பெயர் அழுமூஞ்சி. அந்த அழுமூஞ்சிதான் இப்போது அதே பிரிவுக்குத் தலைவி.

இவருக்குக் கை நடுங்க ஆரம்பித்ததை முதலில் கண்டுபிடித்தவர் இவரே. காலையில் டம்ளரைப் பிடித்துக்கொண்டு விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். முதுகெலும்பு இடுக்கில் ஊசி இறக்குகிற கை அது. யாரும் குறை சொல்வதற்கு முன்பே வேலையை விட்டு வந்துவிட்டார். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் வீட்டில் இவரை வைத்துக்கொண்டு நான் பட்ட பாடு இருக்கிறதே. மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தால் பக்கத்தில் நின்று என் மூச்சை எண்ணிக்கொண்டிருப்பார். "டீச்சர், ஒருக்களிச்சுப் படு. நாக்கு பின்னாடி விழுது" என்று எழுப்புவார். போகட்டும், விழட்டும் என்று நான் கத்துவேன்.

அந்த நேரத்தில்தான் புது மகப்பேறு ஆஸ்பத்திரியின் மேனேஜர் வீடு தேடி வந்தார். சிக்கலான கர்ப்பங்களுக்கென்றே தனிப் பிரிவு திறந்திருந்தார்கள். அப்படி ஒரு பிரிவு வைக்க ஒரு விதி இருக்கிறது. பிரசவ அறைக்கென்று மட்டும் ஒரு மயக்க மருந்து டாக்டர் இரவு பகலாக இருக்க வேண்டும். வேறு ஆபரேஷனுக்கு அவரைக் கூப்பிடக்கூடாது. மாற்றி மாற்றி உட்கார்ந்தால்தான் இது நடக்கும் என்பதால் கணிசமான ஆட்கள் வேண்டும். அவர்களிடம் இருந்ததோ ஒன்றரை ஆள். முழு ஆள் ஓர் இளம் டாக்டரம்மா. அரை ஆள் நாலு ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறவர், கூப்பிட்டால் எப்போதும் வழியில்தான் இருப்பார்.

"விளம்பரம் போட்டுப் போட்டு ஓஞ்சுட்டோம் சார். இந்தப் படிப்புக்கு ஆளே கிடைக்கல. இன்ஸ்பெக்‌ஷன் அன்னைக்கு நீங்க வந்து சும்மா உட்கார்ந்தா போதும். பிரிவை மூடிட்டா இத்தனை பொண்ணுங்க எங்க சார் போவாங்க?" என்றார் மேனேஜர்.

நான் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். அவர் போனதும், "ஒப்புக்குச் சப்பாணியா உட்காரப் போறீங்களாக்கும்" என்றேன். இவர் அசடு வழிந்தார். "தலையைக் காட்டிட்டு வந்துடறேன் டீச்சர். ஆளே இல்லாம அவங்களும் என்ன பண்ணுவாங்க?" என்றார். அந்த மேனேஜர் வார்த்தைக்கு வார்த்தை சார் போட்டதில் ஆள் குளிர்ந்துபோயிருந்தார் என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் சட்டையை நான்தான் இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

அன்று கார் வந்து அழைத்துப்போனது. சாயங்காலம் திரும்பி வந்தவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. செருப்பைக்கூடக் கழற்றாமல் பேச ஆரம்பித்தார். தனி அறை, மேஜை, கதவில் இவர் பெயர் போட்ட பலகை. ஆய்வுக்கு வந்தவர்கள் எட்டிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வேலை அதோடு முடிந்தது. ஆனால் கார் வரத் தாமதம். கதவில் டாக்டர் என்று பலகை இருந்தால் வெளியே இருக்கிறவர்கள் உள்ளே வரத்தானே செய்வார்கள்?

ஒரு பெண் வந்தாள். பள்ளிச் சீருடை தைக்கிற கடை வைத்திருப்பவள். சின்ன வயதுக் காய்ச்சலில் இதய வால்வு சுருங்கிப்போனவள். இப்போது நிறைமாதத்துக்குக் கிட்டே. இவர் என்ன செய்திருக்க வேண்டும்? நான் இங்கே வேலை பார்க்கவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இவரோ நிஜமாகப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துக் கேட்டார். படுத்தால் மூச்சு முட்டுகிறதா என்று விசாரித்தார். அவளை மாடிப்படி ஏறச் சொல்லி, கூடவே ஏறி மூச்சு வாங்குகிறதா என்று பார்த்தார். தலையணையை அடுக்கிச் சாய்ந்து படுக்கச் சொன்னார், மாத்திரையை ஒருநாளும் நிறுத்தாதே என்றார். வலி வந்ததும் முதுகில் மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விட வேண்டும், ஒரேயடியாக விட்டால் இதயம் தாங்காது, பிள்ளை பிறந்த பிறகுதான் நிஜமான கண்டம், ரத்தமெல்லாம் திரும்பி இதயத்துக்குப் பாயும் என்று விளக்கினார்.

"அவ பயந்துட்டா டீச்சர். பயப்படாதேம்மா, நான் தலைமாட்டுலயே இருப்பேன், பிள்ளை பிறந்தப்புறமும் எழுந்து போக மாட்டேன்னேன். அழுதுட்டா. பெரிய ஆஸ்பத்திரில பதிஞ்சு வெச்சிருந்தாளாம். அங்க கூட்டம், யாரும் இவ்வளவு நேரம் பேசினதில்ல, இங்கயே வந்துடறேன்னு சொல்லிட்டா. அப்புறம் ரெட்டைப் பிள்ளைக்காரி ஒருத்தி, ரத்த அழுத்தம் வேற. அவளுக்கும் நான் இருக்கேம்மான்னு ரெண்டு வார்த்தை தைரியம் சொன்னேன்."

நான் தட்டை வைத்துக்கொண்டே கேட்டேன். "அவளுக்கு வலி வர்ற அன்னைக்கு நீங்க அங்க இருப்பீங்களா?"

இவர் ஒரு வாய் எடுத்தவர் அப்படியே வைத்துவிட்டார். அங்கே இருக்கிற ஒரே டாக்டரம்மா வேறு ஆபரேஷனில் மாட்டிக்கொண்டிருந்தால் இந்தப் பெண்ணின் தலைமாட்டில் யார் இருப்பார்கள்? சுவர்தான் இருக்கும். இதை நான் சொல்லவில்லை, சொல்லவும் தேவைப்படவில்லை. கை கழுவிக்கொண்டு எழுந்துபோனார்.

மறுநாள் மேனேஜருக்கு போன் போட்டார். "அந்த வால்வு கேஸுக்குத் தனியா ஆள் போடுங்க." அந்தப் பக்கம் "பாத்துக்கறோம் சார்" என்ற குரல் எனக்கே கேட்டது. பாத்துக்கறோம் என்றால் என்ன அர்த்தம் என்று ஆஸ்பத்திரியிலேயே பழம் தின்று கொட்டை போட்டவருக்குத் தெரியாதா? போனை வைத்துவிட்டு, "அவ கடை தெரியும், நேர்ல போய் அவகிட்ட சொல்லிடறேன். பழையபடி பெரிய ஆஸ்பத்திரிக்கே போன்னு" என்றார். நல்லது, போய்விட்டு வாருங்கள் என்றேன்.

போனார். இரண்டு தலையணை உறையோடு திரும்பி வந்தார்.

"சொன்னீங்களா?"

"கடைல கூட்டம். சும்மா நின்னா நல்லா இருக்காதுன்னு..."

அடுத்த தடவை ஒரு துணிப்பை வந்தது. அதற்கடுத்த தடவை ஜன்னல் திரைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்தார். எங்கள் வீட்டில் இல்லாத ஜன்னலுக்கு. ஒவ்வொரு தடவையும் அந்தப் பெண் மிஷினை விட்டு எழுந்து, "சார், நீங்க சொன்ன மாதிரியே சாஞ்சு படுக்கறேன், மூச்சு முட்டல" என்று சிரித்துக்கொண்டே சொல்வாளாம். அதைக் கேட்டதும் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறொரு தலையணை உறைக்குச் சொல்லிவிட்டு வருவார். வீட்டில் இருப்பது இரண்டு தலை. உறைகள் அலமாரியில் அடுக்கடுக்காக ஏறின. பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க மானத்தைக் காப்பாத்த அவ உசிரு கேக்குதா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். கொஞ்சம் அதிகம்தான். ஆனால் சொன்னதற்கு வருத்தமில்லை. நான் செருப்பை மாட்டிக்கொண்டு, "வாங்க, இன்னைக்கு நானும் வரேன்" என்று கிளம்பினேன்.

சின்னக் கடை. சுவர் முழுக்க நீலச் சட்டைகள். அவள் மிஷினில் இருந்தாள், வயிறு மிஷினை இடித்தது. பக்கத்தில் அவள் மாமியார் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார். இவர் உள்ளே போனதும் திரும்பவும் தலையணை உறையைப் பற்றித்தான் ஆரம்பித்தார். நான் ஒரு பார்வை பார்த்தேன்.

"ஒண்ணு சொல்லணும்மா. நான் அந்த ஆஸ்பத்திரில வேலை பார்க்கல."

"ரிட்டயர் ஆயிட்டீங்களா சார்?" என்றாள் அவள்.

"இல்ல. எப்பவுமே பார்க்கல. அன்னைக்கு ஆய்வுக்கு ஆளுங்க வந்தாங்க. அவங்க கண்ணுக்காக உட்கார்ந்திருந்தேன்."

அவள் காலை மிதிப்பலகையிலிருந்து எடுத்தாள். "புரியல சார்."

"ஆள் இருக்குன்னு காட்டறதுக்குக் கூட்டிட்டுப் போய் உட்கார வெச்சாங்கம்மா. மத்த நாள்ல அந்த அறையில யாரும் கிடையாது" என்று நான் போட்டு உடைத்தேன். இவர் பாட்டுக்குச் சுற்றி வளைத்தால் பொழுது போய்விடும்.

மாமியார் உதட்டில் வைத்திருந்த ஊசியை எடுத்துத் துணியில் குத்தினார். "அப்ப நீங்க டாக்டரே இல்லையா?"

வாழ்நாள் முழுக்க ஒருவர் கூட இவரை அப்படிக் கேட்டதில்லை. மறந்திருக்கிறார்கள், கேலி செய்திருக்கிறார்கள், ஆனால் டாக்டரே இல்லையா என்று கேட்டதில்லை. "டாக்டர்தான்" என்றார் இவர். அந்தக் குரலை நானே நம்பியிருக்க மாட்டேன்.

"சாஞ்சு படுக்கச் சொன்னீங்க. மாத்திரையை நிறுத்தக்கூடாதுன்னீங்க. உங்களை நம்பித்தான் பெரிய ஆஸ்பத்திரி வேணாம்னு வந்தேன். இதுல எது சார் நிஜம்?" என்றாள் அந்தப் பெண்.

"எல்லாமே நிஜம்மா. நான் அங்க உட்கார்ந்திருந்ததுதான் பொய்."

"பொய் சொல்ல வந்த மனுஷன் மருந்தை மட்டும் நிஜமா சொல்லுவாராக்கும்" என்றார் மாமியார். "உங்க எந்த ஆஸ்பத்திரியும் வேணாம். தெருக்கோடி நர்ஸம்மாகிட்டயே பார்த்துக்கறோம். நாலு பிள்ளை அவங்க கையிலதான் பெத்தேன். மாத்திரையும் வேணாம் விடு."

எனக்குப் பகீரென்றது. உண்மையைச் சொன்னால் அவள் பிழைப்பாள் என்றுதானே இழுத்துக்கொண்டு வந்தேன்? உண்மையைச் சொன்னதால் இவர் சொன்ன நல்லதும் சேர்ந்து போய்க்கொண்டிருந்தது. நெஞ்சில் வால்வு சுருங்கிய பெண் மாத்திரையையும் விட்டுவிட்டுத் தெருக்கோடியில் பிள்ளை பெறப் போகிறாள்.

இவர் கடை நடுவில் நின்றார். கை நடுங்கியது, பின்னால் கட்டிக்கொண்டார். "என்னை நம்ப வேணாம்மா. ஒரே ஒரு தடவை என்கூட பெரிய ஆஸ்பத்திரிக்கு வாங்க. அங்க இருக்கிற டாக்டரம்மாகிட்ட நான் யாருன்னு நீங்களே கேளுங்க. அவங்க சொல்றதை நம்புங்க" என்றார்.

அந்த ஆஸ்பத்திரி வாசலில் கால் வைக்க இவர் எவ்வளவு கூசுவார் என்று எனக்குத்தான் தெரியும். அங்கே இவருக்கென்று மிச்சமிருந்த ஒரே சொத்து, கை நடுங்கியதும் தானாக எழுந்துபோன மனுஷன் என்ற பெயர்தான்.

அழுமூஞ்சி இவரைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். மாமியார் சுற்றி வளைக்கவில்லை. "இவரு நிஜ டாக்டர்தானா?" என்றார்.

அவள் சிரித்தாள். "எனக்கே சொல்லிக் கொடுத்தவருங்க. இவர் சொன்னா கண்ணை மூடிட்டுக் கேக்கலாம்." பிறகு இவரிடம் திரும்பினாள். "இவங்களை எங்க பார்த்தீங்க சார்?"

இவர் சொன்னார். மேனேஜர் வந்தது, கார், பலகை, ஆய்வுக்காரர்கள் எட்டிப் பார்த்தது, ஒன்றையும் விடவில்லை. ஒரு வாய் டீக்காகத் தான் அழவைத்த பெண்ணின் முன்னால் நின்றுகொண்டு சொன்னார். காலி ஸ்டூலில் ஆள் இருப்பதாகக் காட்டுவதற்குத் தன்னையே கொடுத்ததைச் சொன்னார். நான் சுவரில் ஒட்டியிருந்த ஏதோ படத்தைப் படிப்பதுபோல நின்றேன். கட்டிய மனைவி பக்கத்தில் நிற்கும்போது ஒரு மனுஷன் அப்படிக் கூனிக்குறுகுவதைப் பார்க்கக்கூடாது.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலாம். "சரி சார்" என்றாள். தையல்காரப் பெண்ணை உள்ளே அழைத்துப்போய்ப் பார்த்தாள், இவர் சொன்னதையே வார்த்தை மாறாமல் சொன்னாள். பிரசவத்துக்குத் தானே வருவதாகச் சொன்னாள். முன்பெல்லாம் இவரைக் கண்டால் முதலில் டீ வரவழைப்பாள். அன்று டீ வரவில்லை.

வலி கண்ட அன்று நாங்களும் போனோம். யாரும் கூப்பிடவில்லை. வெளி வராந்தாவில் மற்ற சொந்தக்காரர்களோடு உட்கார்ந்தோம். அத்தனை வருஷம் அந்தக் கதவுக்கு உள்ளேயே இருந்தவருக்கு வெளியே எப்படி இருப்பது என்று தெரியவில்லை. "இங்க என்ன பண்ணுவாங்க டீச்சர்?" என்றார். "ஒண்ணும் பண்ண மாட்டாங்க. உட்கார்ந்திருப்பாங்க" என்றேன். மாமியார் எங்களுக்கு எதிரே உட்கார்ந்து எங்களைத் தவிர எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண் பிள்ளை பிறந்தது என்று வந்து சொன்னார்கள். மாமியார் எழுந்தார், இவர் எழவில்லை. கண்டம் இனிமேல்தான் என்று இவருக்குத் தெரியும். வெகுநேரம் கழித்து அழுமூஞ்சி வெளியே வந்தாள். தொப்பியைக் கழற்றியதும் முடியெல்லாம் நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. மாணவிக்கு முன்னால் இவர் எழுந்து நின்றார்.

"நல்லா இருக்காங்க சார். பிள்ளை பிறந்தப்புறம் கொஞ்சம் மூச்சு வாங்குச்சு, சமாளிச்சாச்சு. வேற ஆள் உட்கார்ந்தப்புறம்தான் ஸ்டூலை விட்டு எழுந்தேன்" என்றாள்.

அவள் நல்லதுக்குத்தான் சொன்னாள். ஆசிரியரிடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரிதான் சொன்னாள். இவருக்கு அது கன்னத்தில் அறையாக விழுந்தது. தலையை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்தவர் கைக்குட்டையைத் தேடினார். நான் என் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். அதுவும் அந்தக் கடையில் ஓரம் அடித்ததுதான்.

மறுநாள் வார்டில் போய்ப் பார்த்தோம். தையல்காரப் பெண் முதுகுக்குத் தலையணை அடுக்கிச் சாய்ந்திருந்தாள். பிள்ளை பக்கத்தில் சுருண்டு தூங்கியது. இவர் கட்டில் காலடியிலேயே நின்றார். எனக்கு மனசுக்குள் ஒரு நிம்மதி, அதை மறைக்க மாட்டேன். அசிங்கம்தான் பட்டோம், ஆனால் கணக்குத் தீர்ந்தது, இனி வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சண்டை போடலாம் என்று நினைத்தேன்.

"சார்" என்றாள் அவள். "அன்னைக்கு எனக்குப் பின்னாடி ஒரு பொண்ணு உள்ள வந்துச்சே. ரெட்டைப் பிள்ளைன்னு சொல்லுச்சே. அதுகிட்ட சொல்லிட்டீங்களா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் இவரைப் பார்த்தேன். அன்று சாப்பிட உட்கார்ந்தபோது இவர் சொல்லி நானும் கேட்டதுதான். தையல்காரப் பெண்ணையே நினைத்து நினைத்து மற்றவளை இரண்டு பேருமே மறந்துபோயிருந்தோம். அத்தனை தடவை கடைக்கு நடந்தாரே, ஒரு தடவை அந்தப் புது ஆஸ்பத்திரிப் பக்கம் போகத் தோன்றவில்லையே. எனக்கும்தான் தோன்றவில்லை. வெட்கம் என்றால் அதுதான் வெட்கம். அதற்கு முன்னால் பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை.

அவள் பெயர் தெரியாது, வீடு தெரியாது. தேட ஓர் இடம்தான் இருந்தது. இவர் போய்விட்டு வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வார்டை விட்டு வெளியே நடந்தார். நான் பின்னால் ஓடினேன்.

புது ஆஸ்பத்திரியின் முன்கூடத்தில் பெஞ்சு பெஞ்சாகக் கர்ப்பிணிகள் உட்கார்ந்திருந்தார்கள். உள்ளே தெரிந்த கதவில் இவர் பெயர்ப் பலகை அப்படியே தொங்கியது. மேனேஜர் எங்களைப் பார்த்துவிட்டு வேகமாக வந்தார்.

"என்ன சார் இந்தப் பக்கம்? இன்னைக்கு இன்ஸ்பெக்‌ஷன் இல்லையே" என்றார்.

பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"தெரியும்" என்றார் இவர். பிறகு பெஞ்சுகளின் பக்கம் திரும்பினார். "அம்மா, எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. அந்தக் கதவுல இருக்கிறது என் பேரு. நான் இங்க வேலை பார்க்கல. பிரசவ அறைக்குன்னு இங்க தனி மயக்க டாக்டர் யாரும் இல்ல."

மேனேஜர் இவர் கையைப் பிடித்து இழுத்தார். நான் மேனேஜரின் கையைப் பிடித்தேன். பள்ளிக்கூடத்துப் பிடி அது, விடவில்லை.

கடைசிப் பெஞ்சிலிருந்து ஒருத்தி இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள். வயிறு அவளுக்கு ஒரு முழம் முன்னால் வந்தது. கால் இரண்டும் வீங்கியிருந்தன. அவள்தான் என்று இவர் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். கிட்டே வந்து நின்றாள். கோபமே இல்லை அவள் குரலில், சந்தேகம்தான் கேட்டாள்.

"அன்னைக்கு இருக்கேன்னு சொன்னீங்களே சார்?"

"சொன்னேம்மா" என்றார் இவர்.